கெட்டுப்போகாத கார்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்துவிடுவதே பிழைப்பாகிப்போனதால், ஓடுகிற எதைப் பார்த்தாலும் இது எப்போது நிற்கும் என்றுதான் அவருக்குத் தோன்றும். அப்படிப்பட்டவருக்கு வேகக் கார்கள் மேல் பைத்தியம்.

முதலில் வைத்திருந்தது உள்நாட்டில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். மிதித்தால் பறக்கும், பறந்த கையோடு ஏதாவது மக்கர் பண்ணும். ஒரு மாதம் பெல்ட் அறுந்துபோகும், அடுத்த மாதம் ஜன்னல் கண்ணாடி இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆனால் தெருமுனை ஒர்க்‌ஷாப்பிலேயே பாகம் கிடைத்து, சாயங்காலத்துக்குள் வண்டி வீடு திரும்பிவிடும். அதைத் தள்ளித் தள்ளிச் சலித்துப்போனவள், மருந்துக்கடையில் வேலை பார்த்த அவர் மனைவி. வெளிநாட்டுக் கார் என்றால் பானெட்டைத் திறக்கவே வேண்டாமாமே என்று பேச்செடுத்தவளும் அவள்தான். அவருக்கும் உள்ளுக்குள் ஆசை. இறக்குமதியான காரொன்றை, யாரோ கொஞ்ச காலம் ஓட்டியதை, வாங்கி வந்தார்.

அது கெட்டுப்போகவே இல்லை. மழையோ வெயிலோ, சாவியைத் திருப்பினால் கிளம்பியது. அவர் நிம்மதிதான் போயிற்று. பழைய காரில் எது எப்போது காலை வாரும் என்பது அவருக்கு அத்துப்படி. இது வாயே திறக்கவில்லை. சிக்னலில் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். மனைவி ஏதாவது சொல்ல வந்தால் கையைக் காட்டி அடக்குவார். சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

அந்தச் சமயத்தில் மகளுக்கு வேறோர் ஊரில் வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. பஸ்ஸில் போகிறேன் என்றவளை, வீட்டில் இவ்வளவு நல்ல கார் எதற்கு இருக்கிறது என்று ஏற்றிக்கொண்டார். நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓரங்கட்டி, இறங்கி, வண்டியைச் சுற்றி வந்தார்.

"அப்பா, வண்டி நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் நின்னு நின்னு போறீங்க," என்றாள் மகள்.

அவருக்குச் சுருக்கென்றது. அதன்பிறகு நிறுத்தாமல் ஓட்டினார். ஒரு பாலத்தைத் தாண்டியதும் உஸ்ஸென்று காற்றுப் போகும் சத்தம். மீட்டர் பக்கம் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. வண்டி நொண்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்து நின்றது. டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் ஒன்று கிழிந்திருந்தது.

மகள் அவரைப் பார்த்துத் திகைத்தாள். மனிதர் பதறவில்லை. பானெட்டுக்குள் குனிந்து, "இதுதானா," என்றார். முகத்தில் அப்படியொரு தெளிவு. பல மாதங்களாக இறுகிக் கிடந்த தோள்கள் இறங்கியிருந்தன. அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவ்வழியே வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போய்விட்டாள். அவள் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூப்பிடும் முறை தாண்டியிருந்தது. கடைசியில் உள்ளே விட்டார்கள். வேலை கிடைக்கவில்லை. காரால்தானா என்று யாருக்குத் தெரியும்? அவரிடம் அவள் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முழங்கை நீளக் குழாய் கடல் தாண்டி வர வேண்டுமாம். வாரக்கணக்கில் ஒர்க்‌ஷாப் வாசலுக்கு நடையாய் நடந்தார். ஒருவழியாகக் குழாய் வந்தது, வண்டியும் பழையபடி சத்தமில்லாமல் ஓடியது. அவரும் பழையபடி சிக்னலில் ரேடியோவை அணைக்க ஆரம்பித்தார். இனிமேல் எந்த வண்டி வைத்துக்கொள்வது என்று மனைவியிடமே கேட்டார்.

"எனக்கு வண்டி தள்ளுறதுகூடப் பரவாயில்லங்க. நீங்க பக்கத்துல மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதத்தான் தாங்க முடியல."

உள்ளூர்க் கார் ஒன்று மறுபடி வாசலுக்கு வந்தது. வந்த வாரமே ஹார்ன் வேலை செய்யவில்லை. வெளிநாட்டுக் காரை, பிறகு வேறோர் ஊரில் வேலை கிடைத்துப் போன மகள் எடுத்துக்கொண்டாள். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள். அவர் தினமும் அவளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "லைட் ஏதும் எரிஞ்சுதாம்மா?" என்கிறார். இல்லை என்று அவள் சொன்னால், வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறார்.