கலங்கல் தண்ணீரும் என் முதுமாணிப் பட்டமும்

போன வருடம் மாசி மாதம், திருகோணமலை உள்துறைமுகத்தில் நடந்தது இது. பல்கலைக்கழகமொன்றின் பட்டமேற்படிப்புப் பிரிவில், பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு எனக்கே இரசாயனவியலில் முதுமாணிப் பட்டம், அதாவது எம்.எஸ்சி., பெறும் ஆசை வந்தது. பாடங்கள், கருத்தரங்கு, ஆய்வு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று எல்லாவற்றின் விதிகளும் எனக்குத் தூக்கத்திலும் வரும். பாதியை நானே தட்டெழுதியவன் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

துறைமுக நீரிலுள்ள ஈயம்தான் என் ஆய்வு. கடைசி மாதிரிகளை எடுக்க அந்த ஒரு நாளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்திருந்தது. பதிவுக் காலமும் முடியும் தறுவாயில். ஏற்கெனவே ஒருமுறை நீடித்தாயிற்று. மறுபடி நீடிக்க மாட்டார்கள். அன்று தவறினால் பட்டம் இல்லை.

விடிந்த கையோடு ஒரு மீனவர் தன் வள்ளத்தில் ஏற்றிப் போனார். புகை பட்டால் நீர் மாதிரி கெட்டுவிடும் என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதந்தோம். கடலும் வானமும் ஒரே பால் நிறம். தெற்கே கிண்ணியாக் கரை எல்லாம் மூட்டத்தில் கரைந்திருந்தது. நங்கூரமிட்ட கப்பலொன்று அந்தரத்தில் தொங்கியது. கைகள் போத்தல்களை நிரப்பின. நான் எங்கோ இருந்தேன்.

திரும்பி வந்து, போத்தல்களை அடுக்கிய ஐஸ் பெட்டியை அவர் வீட்டு நிழலில் வைத்தேன். அவர் மனைவி தந்த தேநீரைக் குடித்துவிட்டுக் கதிரையிலேயே கண்ணயர்ந்தேன். விழித்துப் புறப்படும்போது அந்தப் பெண் பெருமையோடு சொன்னார்:

"சேர், ஒரு போத்தல் ஒரே கலங்கல். ஊத்திப்போட்டு எங்கட கிணத்துத் தண்ணி விட்டு வச்சிருக்கிறன்."

கப்பல்கள் அணையும் இறங்குதுறையடியில் எடுத்த மாதிரி அது. ஆய்வே அதை நம்பித்தான் நின்றது.

"ஏன் தங்கச்சி?"

"படிச்ச ஆக்கள் பாக்கிறதெண்டியள். எங்கட கடலை ஊத்தையாக் காட்டேலுமே?"

"அடியே, ஊத்தை இருக்கோ எண்டு பாக்கத்தானே மனுசன் வந்தது!" மீனவர் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஏறுங்கோ சேர். இன்னும் பொழுது கிடக்கு."

மேலதிகமாக ஒரு போத்தல் கொண்டுபோக வேண்டும் என்று விதி எழுதியவருக்கு அன்று முதல்முறையாக மனதுக்குள் நன்றி சொன்னேன். அந்தப் பெண்ணும் கூடவே ஏறினார். வெறும் போத்தலை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு வந்தார். அவர் மட்டும் பெருமைப்படாமல் பேசாமல் இருந்திருந்தால், துறைமுகம் கிணறுபோல் சுத்தமென்று நான் சான்றிதழே கொடுத்திருப்பேன்.

பரிசோதனை முடிவு வந்தபோது, இறங்குதுறையடி நீரில் ஈயம் நான் நினைத்ததைவிட அதிகம். மறைக்க மனம் வரவில்லை; போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்:

"உள்ளதை எழுதுங்கோ சேர். ஆனா, இது நல்ல கடல் எண்டும் ஒரு வரி போடுங்கோ."

ஆய்வேட்டில் அப்படியொரு வரிக்கு எந்த விதியிலும் இடமில்லை. பட்டம் கிடைத்த பிறகும் அது எழுதப்படாமலே மனதில் கிடக்கிறது. ஈயத்தின் அளவை எழுதிய அதே கையால், அது நல்ல கடல் என்று இங்கேயாவது எழுதினால்தான் என் ஆய்வு முடிந்ததாக எனக்குத் தோன்றும்.