மழை நாளில் கைவிட்ட ஆன்டெனா சுவிட்ச்

குண்டசாலையில் எங்கள் வீட்டு மாடியறையில் சிறிய வானொலி நிலையம் ஒன்று வைத்திருக்கிறேன். இதேபோல் ரேடியோ வைத்திருக்கும் நண்பர்களோடு பேசும், அனுமதி பெற்ற பொழுதுபோக்குத்தான். இரண்டு ஆன்டெனாக்களை ஒரே ரேடியோவில் மாற்றி மாற்றி இணைக்க, கண்டியில் மலிவான சுவிட்ச் ஒன்றை வாங்கிப் பொருத்தியிருந்தேன்.

மழை விடாமல் பெய்த ஒரு நாள், ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்க்கும் நண்பர் செல்வம் ரேடியோவில் அழைத்தார். அங்கே தொலைபேசி எதுவும் வேலை செய்யவில்லை.

"லயத்து வீடுங்களுக்குப் பின்னால மண்ணு சரியுதுங்க. ஆளுங்கள ஏத்த லொறி அனுப்பச் சொல்லுங்க. இடம் வந்து..."

அத்தோடு குரல் அறுந்தது. சுவிட்சைத் திருகினேன், தட்டினேன். வெறும் இரைச்சல்.

"அந்த சுவிட்சுப் பெட்டிய விட்டுட்டு ஆன்டெனா வயர நேரா ரேடியோவில மாட்டுங்களேன்" என்றாள் மனைவி.

மாட்டினேன். "கீழ் டிவிசன், கீழ் டிவிசன்" என்று தோட்டத்தின் அந்தப் பகுதியைச் சொல்லிச் செல்வம் கத்திக்கொண்டிருந்தார். உடனே பிரதேச செயலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். லொறி எல்லோரையும் ஏற்றிச் சென்ற பிறகுதான் மண் லயத்தை மூடியதாம். அதைக் கேட்டு மகிழக்கூடத் தெம்பில்லாமல் கதிரையில் சாய்ந்துவிட்டேன்.

பிறகு சுவிட்சைத் திறந்தேன். உள்ளே இணைப்பைத் தரும் மெல்லிய தகடு கருகித் தளர்ந்திருந்தது.

இப்போது கனமான உலோகப் பெட்டியும், திருப்பினால் அழுத்தமாகப் பிடிக்கும் குமிழும் உள்ள சுவிட்சையே வைத்திருக்கிறேன். ரேடியோவின் முழு வலுவில் பேசி, வலு குறையாமல் ஆன்டெனாவுக்குப் போகிறதா என்று மீட்டரில் பார்த்துத்தான் பொருத்தினேன். நல்ல சுவிட்ச்தான். ஆனாலும் மழை இருட்டினால், அலுத்துக்கொண்டே எழுந்துபோய், அதையும் கழற்றிவிட்டு வயரை நேராக மாட்டிவிடுகிறேன்.