கூடத்து உத்திரம்

நான் பயந்தாங்கொள்ளி. மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். டிராம் கிளம்பிவிடுமோ என்று பயம், ஏறி உட்கார்ந்த பிறகு தடம் புரண்டுவிடுமோ என்று பயம். ஆபீஸில் துரை கூப்பிட்டால் முதலில் வயிறு கலங்கும், பிறகுதான் காது கேட்கும். என் மனைவி அப்படியே நேர் எதிர். "பயப்படறதுக்குன்னு ஒரு உத்தியோகம் இருந்தா உங்களுக்குத்தான் முதல் பிரமோஷன்" என்பாள். அப்பேர்ப்பட்ட நான் பழைய வீடு ஒன்றை வாங்கக் கிளம்பினேன் என்றால் அதற்கு ஒரே காரணம் எங்கள் பெண்.

பாப்பாவுக்கு அப்போது ஆறு வயது. மூன்று வயதிலிருந்தே இழுப்பு. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஐந்து குடித்தனம் இருந்த வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். ஐந்து வீட்டு அடுப்புப் புகையும் எங்கள் அறைக்குள்தான் வந்து தங்கும். மழைக்காலம் வந்துவிட்டால் பாப்பாவால் படுக்க முடியாது. தலையணையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு மூச்சாக இழுத்து இழுத்து விடுவாள். அந்தச் சத்தம் கேட்டாலும் பயம், ஒரு நொடி கேட்காவிட்டாலும் பயம். முந்தின வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் உதடு நீலம் பாரித்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னொரு மழைக்காலத்தை இந்த வீட்டுல இந்தக் குழந்தை தாங்காது. காத்து வர்ற இடமாப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு மற்றப் பயமெல்லாம் சின்னதாகிப் போய்விட்டது.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த சமயம். மனை வாங்கி, வீடு கட்டி, குடிபோக எப்படியும் இரண்டு வருஷம் ஆகும். எங்களுக்கு ஒரு வருஷம் கூட இல்லை. கட்டி முடித்த வீடாக, காற்றுள்ள வீடாகத் தேடியபோதுதான் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, கோட்டூர்ப் பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது. அதெல்லாம் அப்போது பட்டிக்காடு. சுற்றிலும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, சாயங்காலமானால் நரி ஊளை. நடுவில் கூடம், இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த அறைகள், சுற்றித் தாழ்வாரம். வீட்டுக்காரருக்கு ஒரே மகன், ரங்கூனில் உத்தியோகம். அவனோடு போய் இருந்துவிடலாம் என்று கணவன் மனைவி இரண்டு பேரும் வீட்டை விற்க முடிவு செய்திருந்தார்கள்.

புரட்டாசியில் மூன்று பேருமாகப் போய்ப் பார்த்தோம். நாங்கள் கிணற்றையும் தோப்பையும் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் பாப்பா கூடத்துத் தரையில் படுத்துத் தூங்கிப் போயிருந்தாள். மல்லாக்கப் படுத்து, வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தூங்கினாள். என் பெண் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்காரரின் மனைவி ஒரு விசிறியை எடுத்து வந்து குழந்தையின் தலைமாட்டில், ஒட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாத அம்மா. "நீங்க எழுந்திருங்க அக்கா, நான் விசிறறேன்" என்று என் மனைவி சொன்னதற்கு, "இருக்கட்டும்மா, நீங்க போய் உங்க வீட்டுக்காரரோட பேசுங்க" என்று அனுப்பிவிட்டார். பாப்பா இரண்டு மணி நேரம் தூங்கினாள். அந்த இரண்டு மணி நேரமும் அந்தம்மா இடத்தை விட்டு அசையவில்லை. விசிறிக்கொண்டே மேலே பார்த்தபடி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஏதோ சுலோகம் சொல்கிறார் என்று நினைத்தோம். வரும் வழியெல்லாம் என் மனைவிக்கு அந்தம்மா புராணம்தான். "பெத்தவங்க கூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாங்க. அந்த வீட்டுக்கே ஒரு நல்ல மனசு இருக்கு."

எனக்கு உடனே பயம் வந்துவிட்டது. வீடு அவ்வளவு நன்றாக இருந்தது. விசாரித்தால், தோப்புக்காக அந்த இடத்தைக் கேட்டு வேறொருவரும் நடையாய் நடப்பதாகச் சொன்னார்கள். பத்திரங்களைப் பார்க்க வக்கீலிடம் கொடுத்தேன். ஜோசியரிடம் மனைப் பொருத்தம் கேட்டேன். எல்லாரும் செய்வது அவ்வளவுதான். வீட்டையே ஒருத்தரிடம் காட்ட வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியதற்குக் காரணம் புத்தி இல்லை, பயம்தான். சர்க்கார் கட்டடங்களில் ஓவர்சியராக இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு பாய் ராயப்பேட்டையில் இருந்தார். கூலி கொடுத்தால் வந்து வீட்டைச் சோதித்துச் சொல்வார் என்றார்கள். ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்த மறுநாள் அவரை அழைத்துப் போனேன்.

பாய் ஒல்லியான மனிதர். இரும்புப் பூண் போட்ட கைத்தடியோடு வந்தார். சுவரைத் தட்டுவார், காதைத் திருப்புவார், நகர்வார். பேச்சே கிடையாது. டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்க்கும்போது பாப்பா முகத்தைப் பார்ப்பதா டாக்டர் முகத்தைப் பார்ப்பதா என்று தவிப்பேனே, அதே தவிப்பு. பக்கத்து அறைகள் இரண்டையும் முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். மேலே மச்சு, அதைத் தாங்க நடுவில் ஒரே பெரிய உத்திரம். உத்திரத்தில் ஊஞ்சல் கொக்கி நாலு தொங்கியது.

"ஊஞ்சல் எங்கே?" என்று கேட்டார் பாய்.

"சங்கிலி துருப்பிடிச்சிப் போச்சு, கழட்டிப் போட்டுட்டோம்" என்றார் வீட்டுக்காரர்.

பாய் தலையை ஆட்டிவிட்டு ஏணி கேட்டார். வீட்டுக்காரரே கொண்டு வந்து பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியது. வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்து நானும் ஒரு பக்கம் பிடித்தேன். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு குத்தூசியை எடுத்து வைத்தார். அழுத்தக்கூட இல்லை. ஊசி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊசியை உருவி, அந்த ஓட்டையைக் கட்டை விரலால் சுண்ணாம்பு தேய்த்து மூடிவிட்டு இறங்கினார். "அவ்வளவுதான், போகலாம்" என்றார்.

ஜட்காவில் பாதி வழி வரும்வரை நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். அவரேதான் ஆரம்பித்தார்.

"ரெண்டு பக்கத்து ரூமும் கல்லு மாதிரி இருக்கு. தாராளமா வாங்குங்க. கூடம் மட்டும் வேணாம். உத்திரத்தோட முனை சுவத்துக்குள்ள செல்லரிச்சுப் போச்சு. வெளிய பாத்தா தேக்கு, உள்ள வெறும் மண்ணு. வாங்கினதும் மொதல் வேலையா கூடத்தைப் பிரிச்சிடுங்க. அதுவரைக்கும் ஒரு ஆள் அதுக்கு அடியில படுக்கக் கூடாது. மேல தளம் மழைத் தண்ணியைக் குடிச்சுக் கனம் ஏறினா எப்ப வேணா உட்கார்ந்துடும்."

"அவங்ககிட்ட நீங்க சொல்லலையே?"

"நான் உங்க கூலி வாங்கினவன். உங்ககிட்டதான் சொல்ல முடியும். அவங்ககிட்ட சொல்லவேண்டியது நீங்க. இன்னிக்கே சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் அதையே சொன்னாள். "அந்தக்கா அந்தக் கூடத்துலதானே இருக்காங்க? நாளைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டுப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் போனேன். பாலம் வரைக்கும் போனேன். அங்கே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். உத்திரம் போச்சு என்று சொன்னால் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? விலையைக் குறைக்க நான் போடும் நாடகம் என்று நினைப்பார். கோபம் வந்து, தோப்பு கேட்கிறவருக்கே கொடுத்துவிட்டால்? தோப்பு மட்டும் போதும் என்கிறவருக்குக் கூடம் நின்றால் என்ன, விழுந்தால் என்ன. கார்த்திகை வந்துகொண்டிருந்தது. முந்தின நாளே பாப்பாவுக்கு லேசாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. பத்திரம் பதியப் பதினைந்து நாள்தான் இருந்தது. நாற்பது ஐம்பது வருஷம் நின்ற வீடு பதினைந்து நாள் நிற்காதா? அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சொல்லிட்டேன்" என்றேன்.

அந்தப் பதினைந்து நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். மழை விட்டு விட்டுப் பெய்தது. ஆபீஸ் ஜன்னலில் ஒரு துளி விழுந்தால் போதும், எழுந்து போய் வானத்தைப் பார்ப்பேன். வீட்டில் பாப்பாவின் இழுப்பு, ஆபீஸில் மழைச் சத்தம். எதிரே கணக்குத் தாள் இருக்கும், என் கண்ணுக்கு அந்த உத்திரமும், அதற்கு நேர் கீழே விசிறியோடு உட்கார்ந்திருக்கும் அந்தம்மாவும்தான் தெரிவார்கள். வக்கீல் கூப்பிட்டனுப்பி, "முப்பது வருஷத்துக்குப் பாத்துட்டேன், வில்லங்கம் ஒண்ணும் இல்லை. தைரியமா வாங்கலாம்" என்று முதுகில் தட்டினார். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்கவே கூசியது.

பத்திரத்துக்கு முந்தின நாள். அதற்கு முன் இரண்டு நாளாக விடாத மழை. மத்தியானம் பக்கத்து மேஜைக்காரர் குடையை உதறிக்கொண்டே வந்து, "சிந்தாதிரிப்பேட்டையில கூவத்து ஓரமா ஒரு பழைய வீடு உட்கார்ந்துடுச்சாம்" என்றார்.

"யாருக்காவது...?"

"ஒரு பொம்பளை போயிட்டாளாம். பாவம், தூங்கிட்டிருந்தாளாம்."

யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. குடையைக் கூட எடுக்காமல் டிராமைப் பிடித்து மயிலாப்பூர் வந்து, ஜட்கா ஒன்றை நிறுத்தினேன். வண்டிக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா நைனா, இந்த மழையில பாலத்துக்கு அந்தாண்ட போவணும்ன்றியே, யாருக்கினா உடம்பு சரியில்லையா?" ஆமாம் என்றேன். பாலத்தில் காற்று வண்டியை அப்படியே தள்ளியது. ஆறு மண் நிறத்தில் கரையை முட்டிக்கொண்டு போனது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே என் உயிர் போயிருக்கும். அன்றைக்கு எனக்கு அந்தப் பயம் எட்டவே இல்லை. வீடு நிற்கட்டும், வீடு நிற்கட்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

வீடு நின்றது. கதவு திறந்திருந்தது. கூடத்தில் யாரும் இல்லை. நாலைந்து இடத்தில் ஒழுகிய தண்ணீருக்கு அண்டாவும் குண்டானும் வைத்திருந்தார்கள். நான் படி ஏறாமல் மழையில் நின்றபடியே கூப்பிட்டேன். பக்கத்து அறைக் கதவு திறந்து இரண்டு பேரும் வந்தார்கள். கூடத்து வழியாக வரவில்லை, தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "பத்திரம் வேணாம்னு சொல்ல வந்தீங்களா?"

"இல்லைங்க. கூடத்துல படுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். உத்திரம் செல்லரிச்சுப் போச்சுங்க. பதினஞ்சு நாளா எனக்குத் தெரியும். எங்க நீங்க வீட்டை வேற யாருக்காவது குடுத்துடுவீங்களோன்னு பயந்து சொல்லாம இருந்துட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தம்மாதான் பேசினார்.

"நாங்க கூடத்துல படுத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். "ஊஞ்சலைக் கழட்டினதே அதுக்குத்தான்."

முதலில் எனக்கு உயிர் வந்தது. தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். அதற்கப்புறம்தான் புரிந்தது. "அன்னிக்கு என் பொண்ணு அங்கதானேம்மா தூங்கினா?" என்றேன்.

"ஆமா." அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "நீங்க தோப்பைப் பாத்துட்டு வர்றதுக்குள்ள தூங்கிட்டா. எழுப்பினா ஏன்னு கேப்பீங்க. சொன்னா வீடு விக்காது. எங்க புள்ளையைப் பாத்து ஏழு வருஷம் ஆச்சு. எழுப்ப எனக்கு வாய் வரலைங்க. அதான் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். விழறதா இருந்தா குழந்தை மேல மட்டும் விழக் கூடாதுன்னு."

திட்ட வேண்டும் என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. அந்தம்மா இரண்டு மணி நேரம் அந்த உத்திரத்துக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். நான் பதினைந்து நாள் மயிலாப்பூரில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லித் திட்டுவது?

மறுநாள் பத்திரம் பதிவானது. அந்த வாரமே பக்கத்து அறைகளில் குடியேறினோம். கூடத்துக் கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டு, தை மாதம் ஆள் விட்டுப் பிரித்தோம். உத்திரத்தை இறக்கியபோது முனையில் உள்ளங்கை அகலத்துக்குத்தான் மரம் மிச்சம் இருந்தது. பாப்பா அந்த மழைக்காலத்தைத் தாண்டினாள், அடுத்ததையும் தாண்டினாள்.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது நான் நனைந்து திரும்பிய அந்தச் சாயங்காலம்தான். மனைவி ஒரு துண்டை எடுத்து வந்து என் தலையைத் துவட்டினாள். "இந்த மழையில எங்க போயிட்டு வர்றீங்க?"

"கோட்டூருக்கு. உத்திரத்தைப் பத்தி அவங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்."

துவட்டிய கை நின்றது. "அன்னிக்கே சொல்லிட்டேன்னீங்களே?"

அவள் துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் பாப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். நானே துவட்டிக்கொண்டேன்.