ஜிங்க் அக்கா

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக் கதவு திறந்ததும் அக்கா முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார். பவுடர் வாசனை வந்தால் போச்சு, பையைக் கீழே வைக்கமாட்டார். "போய்க் கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாம்மா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொள்வார். பவுடரிலும் களிம்பிலும் துத்தநாகம், அதாவது ஜிங்க், இருக்கும். பால் பிடிக்கும் புட்டிக்குள் ஒரு துகள் விழுந்தாலும் அளக்கும் இயந்திரம் பொய் சொல்லிவிடும் என்பது அவர் கவலை.

பிரசவ ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வேலை. பால் கொடுக்கும் பெண்களின் வீடு வீடாகப் போய் இரண்டு ஸ்பூன் பால் வாங்கி வரவேண்டும். அதில் இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் எவ்வளவு என்று அளக்கவேண்டும். அந்தக் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள் என்று மாதாமாதம் எடை போட்டுப் பார்க்கவேண்டும். துத்தநாகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசியதில், அம்மாக்கள் வைத்த பெயர்தான் ஜிங்க் அக்கா.

கையில் வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது. புட்டிகளை அமிலத்தில் ஊறவைத்து, அலசி, மறுபடி அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னொரு முறை அலசுவார். இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "எங்க வீட்டுல தண்ணி வேணும்னு கேட்டா, டம்ளர் கழுவி முடியறதுக்குள்ள தாகமே அடங்கிடும்" என்பார் பஸ் ஓட்டுநரான அவர் வீட்டுக்காரர்.

தாதுக்களை அக்கா சொந்தக்காரர்களைப் போலத்தான் பேசுவார். "இரும்பு கொஞ்சமாத்தான் வருவான், ஆனா வந்தவன் வேலையை ஒழுங்காப் பாப்பான். கால்சியம் இருக்கானே, அம்மா எலும்பைச் சுரண்டியாவது எடுத்துட்டு வந்துடுவான். துத்தநாகம் மொத மாசம் கூட்டமா வருவான், அப்புறம் மெல்ல மெல்ல வர்றதைக் கொறைச்சுக்குவான்." கேட்கும் அம்மாக்கள் தங்களுக்குள் இவ்வளவு பெரிய குடும்பம் நடப்பதை நினைத்துச் சிரிப்பார்கள்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். தையல் வேலை செய்பவள். முதல் குழந்தை, பையன். அவன் வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் தோல் சிவந்து உரிந்திருந்தது. எந்தக் களிம்புக்கும் கேட்கவில்லை. எடை ஏறவில்லை, தலைமுடி கொட்டியது, எந்நேரமும் சிணுங்கல். கூட இருந்த மாமியார் பேரனைப் பார்த்துப் பார்த்துக் கலங்கி, பாலில் சத்தே இல்லை, வெறும் தண்ணி, நிறுத்திவிட்டு டின் பாலுக்கு மாறு என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். தையல்காரிக்கும் பாதி மனசு மாறியிருந்தது.

அவள் பாலை அளந்தபோது துத்தநாகம் இருந்தும் இல்லாத கணக்காக வந்தது. அக்கா தன் கை தவறிவிட்டதோ என்று மறுபடி அளந்தார். தூசி விழுந்தால் அளவு கூடுமே தவிர குறையாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு, மறுநாள் போய்ப் புதிதாகப் பால் வாங்கிவந்து பார்த்தார். அதே கதைதான். குழந்தை மருத்துவரிடம் ஓடினார்.

மருத்துவர் குழந்தையை வரவழைத்து, ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டு, அபூர்வமாகச் சில தாய்மாருக்கு இப்படி அமைவதுண்டு என்றார். அவர்கள் உடம்பிலிருந்து துத்தநாகம் பாலுக்குள் இறங்காது. தாய் மாத்திரை விழுங்கினாலும் பயனில்லை, குழந்தைக்கு நேராகச் சொட்டு மருந்து கொடுக்கவேண்டும், தாய்ப்பாலை நிறுத்தத் தேவையே இல்லை. மருந்தைக் கொண்டுபோய்க் கொடுத்து விளக்கிச் சொல்லும் பொறுப்பு அக்காவிடம் வந்தது.

வழியெல்லாம் அக்கா வாக்கியங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அளந்ததை மறைத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் அதை அப்படியே சொன்னால் மாமியார் சொன்னதே சரி என்றாகிவிடும். பயந்த மாதிரியே ஆயிற்று. உள்ளே போய் உட்காருவதற்குள் மாமியார் கேட்டுவிட்டாள்.

"நான் சொன்னது சரிதானே? பால்ல சத்து இல்லதானே?"

தையல் மிஷின் நின்றது.

"ஒரே ஒரு சத்து வரலம்மா" என்றார் அக்கா. "மத்தவங்க எல்லாரும் ஒழுங்கா வந்திருக்காங்க, என் கண்ணால பாத்தேன். இந்த ஒருத்தனுக்கு மட்டும் பாலுக்குள்ள போற கதவு இவ பொறக்கும்போதே ஒட்டிக்கிட்டிருக்கு. அவனை நாம வேற வழியா அனுப்பிடலாம். அதுக்காக மத்தவங்களையும் ஏன் வெளிய நிறுத்தணும்?"

தையல்காரி திரும்பவில்லை. துணியைப் பார்த்தபடியே, "அப்போ நான் சரியாச் சாப்பிடாததால இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

"நீ கடையையே வாங்கித் தின்னிருந்தாலும் இது இப்படித்தாம்மா இருந்திருக்கும்."

அவள் கையிலிருந்த துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமியார் மருமகளின் தோளைப் பார்த்தாள். அக்கா நீட்டிய சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு, "சொட்டு எப்போ எப்போ குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு வாரத்துக்குள் சிவப்பு வடிந்து தோல் ஆறத் தொடங்கியது. சிணுங்கல் நின்றது. பையன் பாலை முட்டி முட்டிக் குடிக்கிறான், தையலுக்கு நேரமே விடமாட்டேன் என்கிறான் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். அந்தக் குறையைக் கேட்கக் கேட்க அக்காவுக்கு இனித்தது.

அடுத்த மாதம் எடை போடப் போனபோது கதவைத் திறந்தது மாமியார். பேரனைத் தானே தூக்கிவந்து தராசில் கிடத்தினாள். முள் பழைய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. மாமியாரும் மருமகளும் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முள்ளைப் பார்க்கவில்லை. பையனின் தொடையில் புதிதாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அந்த மடிப்புக்குள் சுண்டுவிரலை வைத்தவர், அவன் காலை உதைத்து உதைத்துப் பார்த்தும் எடுக்கவில்லை.