விருந்தாளிக்கு மட்டும் எரிந்த அடுப்பு

எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்த புதிதில் அதன்மேல் பழைய பட்டுப்புடவைத் துண்டு ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான். எண்பதுகளின் தொடக்கம். போடியில் கேஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடப்போம். நான் இளைய மருமகள். மாமனார் அலைந்து திரிந்து அந்தச் சிலிண்டரை வாங்கியதே மூத்த மருமகளுக்காகத்தான். அவளை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு இளைப்பு. புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

வந்த அடுப்பு யாருக்கு எரிந்தது? ஏலக்காய் வாங்க வரும் வெளியூர் வியாபாரிகளுக்குக் காப்பி போட! மாமியார் போட்ட சட்டம். ஏலக்காய்க்காரர் வீட்டுப் புத்தி அப்படித்தான். திரண்ட பச்சைக் காயெல்லாம் விற்பனைக்கு. வெடித்ததும் வெளுத்ததும் வீட்டுக்கு. அத்தை கேஸையும் முதல்தரக் காயாக நினைத்து எடுத்து வைத்துவிட்டார்.

"தீந்துபோனா அடுத்தது எப்ப வருமோ! தோட்டத்து வெறகு சும்மாதானே வருது?" என்பார்.

வரும்தான். குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் நிழல்மரக் கிளைகளைக் கழித்து, நனைந்தது நனைந்தபடியே ஜீப்பில் லோடு லோடாக இறக்குவார்கள். ஊத ஊதப் புகைதான். அக்கா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். நான் ஊதப் போனால், "நீ கைப்பிள்ளக்காரி, போ" என்று விரட்டிவிடுவாள். அத்தைமேல் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஐப்பசி மழையில் அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. பேச்சு வரவில்லை. அவளை முன்கட்டில் காற்றாட உட்கார வைத்துவிட்டு வந்தேன். பட்டுத்துணியை உருவி எறிந்து, கேஸைப் பற்றவைத்து, உலையை ஏற்றினேன்.

"ஏய், என்ன சோலி பாக்குறே?" என்று அத்தை ஓடி வந்தார்.

"சோறு பொங்குறேன்."

"அதுல பொங்குனா வயித்தக் கடிக்கும்டி!"

"கடிச்சா கடிக்கட்டும். அக்காவக் கொன்னுட்டு யாருக்குக் காப்பி போடப் போறோம்?"

அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.

மத்தியானத்துக்குள் அக்காவுக்கு மூச்சு சமனாகிவிட்டது. சொன்னால் கேட்காமல் அவளே பரிமாற வந்தாள். அத்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், கல் நெஞ்சுக்காரி இல்லை அவர். விறகடுப்பைத் தவிர வேறொன்றும் அறியாதவர்.

"சரி, இனிமே இதுலயே பொங்கித் தின்னுங்க. எனக்கு மட்டும் ஒரு ஆழாக்கு அரிசிய வெறகுல பொங்கிருங்க. பழகுன வயிறு" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதிர்ப்பேச்சே பேசாத அக்கா, "சரி அத்தை. அதையும் நான்தானே ஊதணும்?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

அத்தை தலையைக் குனிந்துகொண்டார். தன் சோற்று வட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கும் இதையே போடு ஆத்தா" என்றார்.