சக்கரத்தின் உட்புறம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வெளிமாநிலத்தில், சாங்வி என்ற ஊரில் குடியிருந்தோம். புதுக் காரோடு வந்த இரும்புச் சக்கரங்கள் எனக்கு அறவே பிடிக்கவில்லை. மாட்டுவண்டிக்குத்தான் லாயக்கு என்று தினமும் கரித்துக்கொட்டினேன். ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து ஊரான போசரியில் பழைய அலாய் வீல் விற்கும் கடை ஒன்றுக்கு மனைவியோடு போனேன்.

கடைக்காரர் எங்கள் சக்கரங்களைக் கழற்றி, மாற்றுக்கு எடுத்துக்கொண்டார். நான்கின் உட்புறத்திலும் மஞ்சள் பெயிண்டில் பிள்ளையார் சுழி இருந்தது. கார் வந்த வாரமே மெக்கானிக்கைக் கழற்றச் சொல்லி மனைவி போட்டது. அலாய் வீலிலும் போடுவதற்காக டப்பாவும் பிரஷும் கொண்டுவந்திருந்தாள்.

முதல் வீலைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க."

உள்ளே சிவப்பு பெயிண்டில் ஒரு பிள்ளையார் சுழி. மற்ற மூன்றையும் திருப்பினோம். அவற்றிலும் இருந்தது.

இவை எந்த வண்டியில் இருந்தவை என்று கடைக்காரரிடம் இந்தியில் கேட்டேன்.

"காடி தோ கதம் ஹோ கயி, சாப்" என்றார். வண்டி முடிந்துபோயிற்றாம்.

ஓட்டியவர் என்ன ஆனார் என்று கேட்டேன். கடைக்காரர் குனிந்து டயருக்குக் காற்றடிக்கத் தொடங்கினார்.

மனைவி டப்பாவைத் திறக்கவே இல்லை.

வீடு திரும்பும்போது சக்கரங்கள் துளிச் சத்தமில்லாமல் உருண்டன. பாதி வழியில் அவள் கேட்டாள்:

"நம்ம சக்கரத்தத் திருப்பிப் பாக்கறவங்க நம்மளப் பத்திக் கேட்டா, அந்தாளு என்னங்க சொல்லுவாரு?"