உள்பக்கத் தாழ்ப்பாள்

என் மாமாவைப் போல ஒரு தச்சர் இந்தப் பூமியில் பிறந்ததில்லை. அவர் உளியைக் கையில் எடுத்தால் காட்டு மரங்களெல்லாம் தானாக வந்து வரிசையில் நிற்கும். மோசே கடலைப் பிளந்த அன்று இவர் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், தண்ணீருக்குக் கீல் வைத்து இரட்டைக் கதவாகவே மாட்டிக் கொடுத்திருப்பார்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு ஜெபம் மட்டும் வராது. கூட்டத்தில் எழுப்பிவிட்டால் "ஆண்டவரே, நன்றி" என்பார். அதோடு சரி. பக்கத்து நாற்காலி ஆடினால் ஆமென் சொல்வதற்குள் ஆப்பு தேடப் போய்விடுவார். சபைச் செயலாளர் ஜெபித்து முடிப்பதற்குள்ளோ, என் இரண்டு காலும் மரத்துப்போகும்.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டோம். மாமாவிடம் தொழில் கற்கிறேன் என்று பேர். திருகப் பொறுமையில்லாமல் ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்குவேன், மாமா மண்டையில் குட்டுவார். சபை வளாகத்தில், சபை கொடுத்த வீட்டில்தான் எங்கள் குடித்தனம்.

சபைக் கூடத்துக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகளைப் போடும் அறை ஒன்று உண்டு. அதில் ஒரு அக்கா தன் சின்ன மகளோடு வந்து ஒண்டிக்கொண்டாள். புருஷன் அடித்த அடியில் அவளால் வலது கையை முழுதாக நீட்ட முடியாது. ஒரு சாயங்காலம் அவன் வந்து வாசலில் நின்று கத்தினான். உடனே சபைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

"குடும்பச் சண்டை நமக்கெதுக்கு? அவங்களுக்காக ஜெபிப்போம். நீங்க அவங்கள அனுப்பிட்டு அந்த ரூமுக்கு நல்ல பூட்டா ஒண்ணு போட்டுடுங்க" என்றார் செயலாளர்.

மாமா தலையாட்டினார். கனமான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துப்போய்க் கதவின் உள்பக்கம் பொருத்தினார். அக்காவை அனுப்பவில்லை.

மறுநாள் செயலாளர் வந்து பார்த்தார்.

"என்னங்க இது? வெளியில பூட்டச் சொன்னா உள்ள போட்டு வெச்சிருக்கீங்க?"

"அடிக்க வர்றவன் வெளியிலதானேங்க இருக்கான்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மாத்துங்க. இல்லேன்னா வீட்டக் காலி பண்ணுங்க."

மாமா மாற்றவில்லை. அத்தை பாத்திரங்களைச் சாக்கில் திணித்துக்கொண்டே பொரிந்தாள்.

"இந்த வயசுல எங்க போய் நிக்கறது? ஒரு தச்சரக் கும்பிடற இடத்துல இன்னொரு தச்சருக்கு இடமில்லையாம்! வாயத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினாத்தான் என்ன?"

மாமா சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே வழவழவென்று இருந்த பலகையை இழைத்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு ஜோக் அடித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை.

சனிக்கிழமை மதியம். அக்கா துணி தேய்க்கும் வேலைக்குப் போயிருந்தாள். உள்ளே பிள்ளை மட்டும்தான். அந்தப் புருஷன்காரன் வந்துவிட்டான். நாங்கள் ஓடிப்போவதற்குள் கதவை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருந்தான். பலகை விரிசல் விட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை.

மாமா போய்க் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். வாயில் ஒரு குத்து விழுந்தது. கையை ஓங்கவில்லை, இடத்தைவிட்டு நகரவும் இல்லை. ஆள் சேர்ந்ததும் அவன் திட்டிக்கொண்டே போனான். திரும்ப வருவேன் என்றான். வருவான்தான்.

"பாப்பா, நான்தாம்மா. திற" என்றார் மாமா.

கீழே ஏதோ கிறீச்சிட்டது. கதவைத் திறந்துவிட்டு, பிள்ளை மறுபடி நாற்காலிக் குவியலுக்குள் புகுந்துகொண்டது.

மாமா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கதவின் பின்னால் பார்த்தார். அவருடைய தாழ்ப்பாள் அவர் தோள் உயரத்தில் போடாமலே கிடந்தது. பிள்ளைக்கு எட்டாது. மனுஷன் அதை யோசிக்கவே இல்லை. கீழே, என் முழங்காலுக்குச் சற்று மேலே, கோணலாக இன்னொரு தாழ்ப்பாள்.

"இது யாருடா போட்டது?"

"எனக்கென்ன மாமா தெரியும்? யாராவது தேவதூதர் வந்து போட்டிருப்பாங்க."

மாமா குனிந்து அதை விரலால் தடவினார். நசுங்கிப்போன ஸ்க்ரூத் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஸ்க்ரூவச் சுத்தியலால அடிக்கிற தேவதூதன் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன்தாண்டா இருக்கான். போ, திருப்புளி எடுத்துட்டு வா. வீட்டக் காலி பண்றதுக்கு முன்னாடி இத ஒழுங்காத் திருகிட்டுப் போவோம்."